மூன்று எலுமிச்சம்பழமும் ஒரு கொம்பு சைக்கிளும்

படிக்காதவர்கள் ஒரு காரியத்தைக் கெடுத்தால் அது கெட்டுப்போகும், அவ்வளவுதான். படித்தவன் கெடுத்தால் அதற்கு ஒரு சமன்பாடு இருக்கும், அளவு இருக்கும், பக்கத்தில் படம்கூட வரைந்து வைத்திருப்பான். நான் எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி. (பட்டதாரி என்ன, ஐந்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆளே நான்தான்.) ஆகவே எங்கள் குடும்பத்தில் இதுவரை நடந்த முட்டாள்தனங்களில் சமன்பாட்டோடு நடந்தது ஒன்றே ஒன்றுதான். அதைச் செய்தவன் நான்.

சங்கரன்கோவிலில் ஓர் அரசு அலுவலகத்தில் எனக்கு இளநிலை உதவியாளர் வேலை. பக்கத்து மேஜையில் கோமதி. (எங்கள் ஊர் அம்மனின் பெயர். பஸ் ஸ்டாண்டில் நின்று ‘கோமதி’ என்று கூப்பிட்டால் நாலு பேர் திரும்புவார்கள். நான் கூப்பிட்டபோது முதல் ஒன்றரை வருடம் அந்த நாலு பேர் மட்டும்தான் திரும்பினார்கள்.) ஒருவழியாக அவளும் திரும்பினாள். அப்பாவிடம் பேசுகிறேன் என்றாள். பேசினாள்.

அவள் அப்பா வேலாயுதம் சார், கரிவலம்வந்தநல்லூரில் இருக்கிறார். ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியர். ஜாதகம் கேட்கவில்லை, சொத்து கேட்கவில்லை. அவருடைய அண்ணன் குடித்துக் குடித்தே நாற்பது வயதில் போய்ச் சேர்ந்தவர். அதனால் அவருக்கு உலகத்தில் ஒரே ஒரு கேள்விதான். போனில் கேட்டார்.

“தம்பி, குடி உண்டா?”

“கிடையாது சார்.”

“வீட்ல?”

இங்கேதான் நான் ஒரு நொடி தயங்கினேன். என் அப்பா சுடலை பூ மார்க்கெட்டில் மூட்டை ஏற்றுகிறவர். ஒரு காலத்தில் அவரைத் தேடுகிறவர்கள் மார்க்கெட்டுக்குப் போகமாட்டார்கள், நேரே ஒயின்ஷாப்புக்குப் போவார்கள். விட்டு அப்போது ஏழு வருடமாகியிருந்தது. ஆனால் ஊருக்கு ஞாபகசக்தி அதிகம்.

“எங்க வீட்ல அந்தப் பேச்சே கிடையாது சார்” என்றேன். (பேச்சு கிடையாதுதானே? பொய் இல்லையே? இப்படித்தான் அன்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.)

“சரி. வார ஞாயித்துக்கிழம பதினோரு மணிக்கு வீட்டுக்கு வாங்க. பேசுவோம்.”

அம்மாவிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னேன். “அப்பாகிட்ட இப்பச் சொல்லாதம்மா. மொதல்ல நான் மட்டும் போயிட்டு வாரேன்” என்றேன். அம்மா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அந்த மாதங்களில் எனக்கு இன்னொரு கிறுக்கும் பிடித்திருந்தது. டிரையத்லான். கடலில் நீந்தி, கரையேறி, தொண்ணூறு கிலோமீட்டர் சைக்கிள் ஓட்டி, இறங்கி இருபத்தொரு கிலோமீட்டர் ஓட வேண்டும். நீச்சல், கிணற்றில் படித்தது. ஓட்டம், காலை பஸ்ஸைப் பிடிக்க ஓடியதில் வந்தது. சைக்கிள்தான் இல்லை. கோயம்புத்தூரில் ஒரு டாக்டர் முதுகுவலி வந்து விற்றதை வாங்கி வந்தேன். அப்பா அதைச் சுற்றி இரண்டு முறை நடந்தார்.

“கேரியர் எங்கலே?”

“இதுக்குக் கேரியர் கிடையாதுப்பா.”

“ஸ்டாண்டு?”

“கிடையாது.”

“பெல்லு? மட்காடு?”

“எதுவும் கிடையாதுப்பா. எடை கம்மியா இருக்கணும்.”

அப்பா சீட்டை அமுக்கிப் பார்த்தார். “சீட்டும் இல்லன்னுல்லா நெனைக்கேன்” என்று சொல்லிவிட்டு டிவிஎஸ்ஸை எடுத்துக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போய்விட்டார்.

எடை குறைவாக இருக்க வேண்டும் என்று சொன்ன அதே வாயோடு, அடுத்த ஒரு மாதம் அந்த சைக்கிளில் எதையெல்லாம் மாட்ட முடியுமோ அதையெல்லாம் மாட்டினேன். இரவு பகலாக இணையத்தில் படித்து, நோட்டில் மூன்று தலைப்பு போட்டேன்: காக்பிட், தண்ணீர், சாமான்.

காக்பிட் என்பது விமானி உட்காரும் இடத்துக்கு உள்ள பெயர்தான். சைக்கிளில் அது முன்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு கம்பிகள். கம்பிகளுக்குப் பின்னால் முழங்கையை வைக்க இரண்டு மெத்தைகள். நடுவில் வேகம் காட்டும் சின்னக் கணினி. இதைப் பொருத்த எங்கள் தெரு முனையில் சைக்கிள் கடை வைத்திருக்கும் பால்துரை அண்ணாச்சியிடம் கொண்டுபோனேன். கம்பிகளைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இந்தக் கொம்ப எங்கன பிடிக்கது?”

முழங்கைகளை மெத்தையில் வைத்து, இரண்டு கைகளையும் முன்னால் சேர்த்து, தலையைத் தாழ்த்திக் காட்டினேன்.

“கும்பிடுத மாதிரில்லா இருக்கு!”

“ஆமா அண்ணாச்சி. இப்படிப் போனா காத்து நம்மளத் தொடாது.”

“பிரேக்கு எங்கன?”

“அது வெளிய, இந்தக் கைப்பிடியில.”

“அப்ப கும்பிட்டுக்கிட்டே போனா நிக்க முடியாது?”

“கைய மாத்திப் பிடிக்கணும்.”

அண்ணாச்சி கொம்பை ஒருமுறை தட்டிப் பார்த்தார். “காத்து தொடாது, சரி. லாரி தொடும்லா? நல்லாக் கும்பிட்டுக்க மக்கா” என்று சொல்லி ஸ்பானரை எடுத்தார்.

அடுத்தது தண்ணீர். இரண்டு கொம்புக்கும் நடுவில் ஒரு நீளமான பாட்டில். அதிலிருந்து ஒரு குழாய் கிளம்பி நேரே மோவாய்க்கு வரும். நுனியில் ரப்பர் வாய். கடித்தால் திறக்கும், விட்டால் மூடிக்கொள்ளும். தலையை நிமிர்த்தாமல், கையை எடுக்காமல் குடித்துக்கொண்டே போகலாம். சீட்டுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பாட்டில்கள், மேல்நோக்கிச் சாய்த்து வைத்த தாங்கிகளில்.

“பழைய ட்யூப கீறி நாலு சுத்து சுத்தி விடுதேன். மேடு பள்ளத்துல எகிறாது” என்றார் அண்ணாச்சி.

“வேண்டாம் அண்ணாச்சி. கம்பெனிக்காரன் போட்டிருக்கிற முறைப்படியே இருக்கட்டும்.”

“கம்பெனிக்காரன் நம்ம ரோட்டப் பாத்திருக்கானா?”

வேண்டாம் என்று தலையாட்டினேன். ஆனால் பின் பாட்டில்கள் இரண்டிலும் ஸ்டிக்கர் ஒட்டி என் பெயர், ரத்த வகை, ‘அவசரத் தொடர்பு: அப்பா’ என்று எழுதி அவர் நம்பரையும் போட்டேன். பாதுகாப்பு முக்கியம் என்று படித்திருந்தேன்.

மூன்றாவது, சாமான். கொம்புக்குப் பின்னால், இரண்டு முழங்காலுக்கும் நடுவில் உட்காருகிற மாதிரி ஒரு மூடி போட்ட பெட்டி. அதில் என்ன வைப்பது? நீண்ட நேரம் வியர்த்தால் உடம்பில் உப்பு இறங்கிவிடும் என்றும், வெளிநாட்டு வீரர்கள் ஊறுகாய்ச் சாற்றையே குடிக்கிறார்கள் என்றும் படித்தேன். சாறுக்கு எங்கே போவது? பெட்டிக்கடையில் எலுமிச்சை ஊறுகாய் பாக்கெட் ஒரு சரம் வாங்கினேன். பத்து பாக்கெட். கூடவே உப்புக்கடலை இரண்டு. வழியில் யாரிடமாவது தண்ணீர் வாங்கிக் குடிக்க ஒரு பிளாஸ்டிக் டம்ளர். எல்லாம் பெட்டியில் கச்சிதமாக அடங்கின. (படிக்கிற உங்களுக்கு இந்நேரம் சிரிப்பு வந்திருக்கும். எனக்கு அன்று பெருமைதான் வந்தது.)

முன் பாட்டிலில் என்ன ஊற்றுவது என்பதில் மட்டும் ஒரு வாரம் ஆராய்ச்சி. கடையில் விற்கும் விளையாட்டு பானங்களின் பட்டியலைப் படித்ததில், அதில் இருப்பதெல்லாம் நம் பதநீரிலும் இருப்பதாகப் பட்டது. முந்தின ஞாயிறு ஊற்றிப் பார்த்தேன். அருமை. ஆனால் ஒரு குறை. பனையில் கட்டும் கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவியிருப்பார்கள் அல்லவா, அது வண்டலாக வந்து குழாயை அடைத்துக்கொண்டது. பாட்டிலைக் கழுவிவிட்டேன். குழாய்க்குள் பிரஷ் நுழையவில்லை, அதனால் அதை மன்னித்துவிட்டேன்.

சார் வரச் சொன்ன ஞாயிறு விடியும் முன்பே பனையேறும் அண்ணாச்சி ஒருவரிடம் வாங்கிவந்த பதநீரை அம்மாவின் பழைய சேலைத் துணியில் மூன்று முறை வடிகட்டினேன். வண்டல் போய்விட்டது. சுண்ணாம்பு ருசி போகவில்லை. அப்போதுதான் என் கல்வி விழித்துக்கொண்டது. சுண்ணாம்பு காரம். எலுமிச்சை அமிலம். அமிலமும் காரமும் சேர்ந்தால் உப்பும் நீரும். உப்புதானே எனக்கு வேண்டும்! மூன்று எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தேன். ருசி பார்த்தேன். துல்லியம். பத்தாம் வகுப்பு அறிவியலில் தொண்ணூற்றேழு வாங்கியவன் நான். கையில் லிட்மஸ் தாள் இல்லாதது ஒன்றுதான் குறை.

சுண்ணாம்பை எதற்காகத் தடவுகிறார்கள் என்பதை மட்டும் நான் யோசிக்கவில்லை. பரீட்சையில் அப்படி ஒரு கேள்வி வரவில்லை.

திட்டம் இதுதான்: ஆறேகாலுக்குக் கிளம்பி மேலநீலிதநல்லூர் ரோட்டில் தெற்கே போய், வேறு ரோட்டில் திரும்பி, ஊரைத் தாண்டி வடக்கே கரிவலத்துக்குப் பதினோரு மணிக்குப் போய் இறங்க வேண்டும். தொண்ணூறு கிலோமீட்டர் பயிற்சியும் முடிந்துவிடும். ‘ஞாயிற்றுக்கிழமை காலையில் தூங்காமல் உடற்பயிற்சி செய்கிற ஒழுக்கமான பையன்’ என்று சாருக்கும் ஓர் எண்ணம் வரும். மாற்றிக்கொள்ள வேட்டி சட்டைகூட எடுத்துப் போகவில்லை. (எடை.)

மேலநீலிதநல்லூர் வேகத்தடையில் பின் பாட்டில்கள் இரண்டும் ஒரே நேரத்தில் வானத்துக்குக் கிளம்பின. டீக்கடையில் இருந்து யாரோ கத்தினார்கள்: “ஏ தம்பி! பின்னால ரெண்டு விழுந்துட்டு!” நான் கும்பிட்ட நிலையில் இருந்தேன். நிற்க வேண்டுமென்றால் கையை மாற்ற வேண்டும், மாற்றினால் சராசரி வேகம் குறையும். முன் பாட்டில் இருக்கிறதே என்று போய்விட்டேன்.

வெயில் ஏறியது. எதிர்காற்றில் கண்கள் எரிந்தன. கண்ணாடி வாங்கவில்லை, அது மூன்று தலைப்பில் எதிலும் அடங்கவில்லை. ஒன்பது மணிக்குப் பதநீர் லேசாகப் புளித்தது, நாக்கில் சுருக்கென்றது. எலுமிச்சை வேலை செய்கிறது என்று மகிழ்ந்தேன். பத்து மணிக்குக் கடிக்காமலே கொஞ்சம் கொஞ்சமாக வாய்க்குள் வந்தது. கருவியின் தரத்தை மெச்சினேன். பத்தரைக்கு உலகம் ரொம்ப நல்ல இடமாகத் தெரிந்தது. எதிர்காற்றுகூடப் பிடித்தது. எதிரே வந்த பஸ் கண்டக்டருக்கு வணக்கம் வைத்தேன். ரோட்டோர எருமைக்கும் வைத்தேன். நீண்ட தூரம் ஓட்டினால் மூளையில் ஒருவித ஆனந்தம் சுரக்கும் என்று படித்திருந்தேன். அதுதான் சுரந்துவிட்டது என்று முடிவுகட்டினேன்.

சரியாகப் பதினோரு மணி. கரிவலத்தில் அந்த வீட்டு வாசலில் வேலாயுதம் சார் வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டியில் நின்றுகொண்டிருந்தார். ஜன்னலில் கோமதி. கதவருகே அவள் அம்மா.

இந்த சைக்கிளுக்கென்று தனி செருப்பு உண்டு. பெடலில் மாட்டிக்கொள்வதற்காக அடியில் பிளாஸ்டிக்கில் குளம்பு மாதிரி ஒன்று இருக்கும். அந்தக் குளம்போடு, பளபளவென்று துடைத்து வைத்த டைல்ஸ் படியில் கால் வைத்தேன். ஒரு கால் கிழக்கே போனது, ஒரு கால் மேற்கே போனது. சாரின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“வணக்கம் சார்! போன்ல கேட்டதுக்கு நீங்க ரொம்பச் சின்ன வயசா இருக்கீங்க சார்!”

அவருடைய மூக்கு லேசாக அசைந்தது. ஆனால் ஆசிரியர் அல்லவா, சைக்கிளைப் பார்த்ததும் ஆர்வம் முந்திக்கொண்டது. “இது என்ன குழா?” என்று குனிந்தார்.

இந்தக் கேள்விக்காகவே ஒரு மாதம் உழைத்தவன் நான். “தண்ணி அமைப்பு சார். தல நிமிராமக் குடிக்கலாம். இந்த வாய இப்படி அழுத்துனா—”

அழுத்தினேன்.

உள்ளே ஐந்து மணி நேரமாக அடைபட்டுக் கிடந்த ஒன்று ‘புஸ்ஸ்’ என்று கிளம்பியது. நுரை. வெள்ளை வெளேரென்ற நுரை. சாரின் கண்ணாடி மறைந்தது. மீசை மறைந்தது. சட்டைப் பை நிரம்பியது. விட்டாலும் நிற்கவில்லை, குழாய் கழன்று பாம்பு மாதிரி ஆடி அவருடைய காதுக்குள்ளும் கொஞ்சம் ஊற்றியது.

எல்லாம் அடங்கியதும் சார் உதட்டை நக்கினார். (அனிச்சைச் செயல். அதுவும் பத்தாம் வகுப்பில் உண்டு.) பிறகு மெதுவாகச் சொன்னார்.

“கள்ளு.”

பதறிப்போய்க் கையை விட்டேன். ஸ்டாண்டு இல்லாத சைக்கிள் சாய்ந்தது. பெட்டியின் மூடி திறந்தது. பத்து ஊறுகாய் பாக்கெட்டும் ஒரே சரமாக அவர் காலடியில் போய் விழுந்தன. அதன்மேல் உப்புக்கடலை இரண்டு. கடைசியாக அந்த பிளாஸ்டிக் டம்ளர் நிதானமாக உருண்டு, ஒரு வட்டம் அடித்து, அவருடைய கட்டைவிரலில் முட்டி நின்றது.

“அய்யய்யோ, ஊறுகா!” என்றார் கோமதியின் அம்மா. ஜன்னல் சாத்தப்பட்டது.

சார் கண்ணாடியைக் கழற்றினார். மரியாதை ஒரு படி இறங்கியிருந்தது.

“குடி உண்டான்னு கேட்டேன். இல்லன்னீரு. வே, நானும் எத்தனையோ குடிகாரனப் பாத்திருக்கேன். இடுப்புல சொருகிட்டு வருவான், பேப்பர்ல சுத்திட்டு வருவான். மோவாய்க்கு நேரா குழா மாட்டிட்டு வந்தவன இன்னைக்குத்தான் பாக்கேன்.”

“சார், பதநீ சார்… சுண்ணாம்பு… நான்தான் எலுமிச்சம்பழம்… உப்புக்காக சார்…” ஒவ்வொரு சொல்லும் என்னை இன்னும் ஆழமாகப் புதைத்தது. நிமிர்ந்து நிற்க முயன்றேன். குளம்பு வழுக்கியது.

“நீரு கெளம்பும்” என்றார் சார்.

அப்போதுதான் டிவிஎஸ் சத்தம் கேட்டது.

உலகத்தில் அந்த நிமிடம் நான் யாரைப் பார்க்க விரும்பவில்லையோ அவர் வந்து இறங்கினார். மார்க்கெட் லுங்கி, தலையில் துண்டு, தோளில் ஒட்டிக்கொண்ட பூ. கைக்கு ஒன்றாக இரண்டு பாட்டில்.

டீக்கடைக்காரர் காலை வியாபாரம் ஓய்ந்த பிறகு ஸ்டிக்கரில் இருந்த நம்பருக்கு போன் போட்டிருக்கிறார். ‘பாட்டில் கெடக்கு, ஆளக் காணோம்.’ என் போன் பெட்டிக்குள் ஊறுகாய்க்கு அடியில் கிடந்தது. அப்பா முப்பது தடவை அடித்துப் பார்த்துவிட்டு, மேலநீலிதநல்லூர் போய்ப் பாட்டிலை வாங்கி, ரோட்டின் இரண்டு பக்கப் பள்ளத்திலும் தேடிப் பார்த்துவிட்டு வீட்டுக்கு ஓடியிருக்கிறார். அம்மா சொல்லிவிட்டாள். எங்கே போயிருக்கிறேன் என்பதையும், அவரிடம் சொல்ல வேண்டாம் என்று சொன்னதையும்.

“உசுரோட இருக்கியாலே?” என்றார்.

“நீங்க யாரு?” என்று கேட்டார் சார், இரண்டு பாட்டிலையும் பார்த்துக்கொண்டே.

அப்பா என்னைப் பார்த்தார். நான் சொல்வேனா என்று பார்த்தார்.

“எங்க அப்பா சார்” என்றேன்.

அப்பா தலைத்துண்டை அவிழ்த்தார். சாரின் சட்டையைப் பார்த்தார், கீழே கிடந்த ஊறுகாயைப் பார்த்தார், சாய்ந்து கிடந்த சைக்கிளின் முன் பாட்டிலை எடுத்து மூடியைத் திறந்தார். ஒரே ஒரு முறை மோந்தார். ஒயின் ருசி பார்க்கிற வெளிநாட்டு நிபுணர்களை வீடியோவில் பார்த்திருக்கிறேன். அவர்கள்கூட இவ்வளவு அமைதியாக மோந்ததில்லை.

“சார், நான் சுடல. பூ மார்க்கெட்ல மூட்ட ஏத்துதேன்.”

“உங்க வீட்ல அந்தப் பேச்சே கிடையாதுன்னாரு உங்க பையன்.”

“வெக்கப்பட்டுச் சொல்லிருப்பான் சார். பதினெட்டு வருசம் குடிச்சவன் நான். ஊருக்கே தெரியும், நீங்க யார்ட்ட வேணும்னாலும் கேட்டுக்கிடலாம். அதனாலதான் சொல்லுதேன், இந்த ஒரு விசயத்துல நான் சொன்னா தப்பாது. இது கடச் சரக்கு இல்ல. கள்ளுக்குன்னு எறக்குனதும் இல்ல. பதநீதான். வழியில புளிச்சிட்டு. எவனோ சுண்ணாம்ப எடுத்திருக்கான்.” இன்னொரு முறை மோந்தார். “எலுமிச்ச வாடை வருது. எவன்னும் தெரியுது.”

“ஊறுகா?”

அப்பா சரத்தை எடுத்துத் தூக்கிக் காட்டினார். “பத்து இருக்கு, எண்ணிக்கிடுங்க. ஒண்ணுகூடப் பிரிக்கல. குடிக்கவன் மொத வாய்க்கே ஒண்ணு பிரிச்சிருப்பான் சார்.”

“நிக்க முடியலையே இவருக்கு?”

“செருப்பத் திருப்பிப் பாருங்க. ஆட்டுக் குளம்புல்லா! நான் தெளிவா இருக்கேன், இதப் போட்டா நானும் விழுவேன்.”

“கண்ணு செவந்து கெடக்கு.”

“காத்துல சார். எல்லாத்துக்கும் மேல உங்க சட்டையப் பாருங்க. அர லிட்டரு ஓடுது. ஒரு குடிகாரன் கையில உள்ளது இப்படிச் சிந்துமா? பதினெட்டு வருசத்துல நான் ஒரு சொட்டு சிந்துனதில்ல சார்.”

சார் குனிந்தார். சட்டையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“பதநீல எலுமிச்சம்பழம் புழிஞ்சீரா?”

“ஆமா சார்.”

“எத்தன?”

“மூணு சார்.”

“எதுக்கு?”

என் கைகள் தானாக உடம்போடு ஒட்டிக்கொண்டன. வகுப்பில் எழுந்து நிற்பது போல நின்றேன். “சுண்ணாம்பு காரம் சார். எலுமிச்சை அமிலம். நடுநிலையாக்கல் வினை. உப்பும் நீரும் கிடைக்கும்.”

“எத்தன மார்க்கு?”

“தொண்ணூத்தேழு சார்.”

“சமன்பாடு சரி” என்றார். “கலயத்துல சுண்ணாம்பு எதுக்குத் தடவுதான்? புளிக்காம இருக்க. அத எடுத்துட்டு, அஞ்சு மணி நேரம் வெயில்ல குலுக்கிட்டு வந்தா என்ன நடக்கும்?”

“நொதித்தல் சார்.”

“விளைபொருள் ரெண்டு. சொல்லும்.”

“எத்தில் ஆல்கஹால் சார்…”

“இன்னொண்ணு?”

“கார்பன் டை ஆக்சைடு சார்.”

“அதுதான் என் மூஞ்சில அடிச்சது. உக்காரும்.”

படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஜன்னல் ஒரு விரல்கடை திறந்தது.

சார் இன்னும் சிரிக்கவில்லை. அப்பாவிடம் கேட்டார்: “எப்ப நிறுத்துனீங்க?”

“இவன் காலேஜுல சேந்த அன்னைக்கு. கூடப் போயிருந்தேன். பாரத்துல அப்பா என்ன தொழிலுன்னு கேட்டிருந்தான். இவன் விவசாயம்னு எழுதுனான். எனக்கு எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரியும் சார், வாசிச்சிட்டேன்.” துண்டை மடித்தார். “எங்களுக்கு ஒரு சென்ட்டு நெலம் கிடையாது. அன்னைக்கோட விட்டேன்.”

ஏழு வருடமாக டாக்டர் மிரட்டித்தான் விட்டார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். குனிந்து செருப்பின் குளம்பைக் கழற்றுவது போல் கொஞ்ச நேரம் நடித்தேன். அதைக் கழற்ற முடியாது.

சார் அப்பாவின் கையில் இருந்த இரண்டு பாட்டிலையும் வாங்கிப் படியில் வைத்தார். “உள்ள வாங்க” என்றார். பிறகு வீட்டுக்குள் பார்த்துக் குரல் கொடுத்தார்: “ஏட்டி, இவருக்குக் காப்பி கொண்டா. பையனுக்கு…” யோசித்தார். “மோரு வேண்டாம், புளிச்சிருக்கும். வெறுந்தண்ணி குடு.”

உள்ளே கோமதி சிரிப்பது கேட்டது. அதுதான் அன்று நான் கேட்ட முதல் நல்ல செய்தி.

பேச வேண்டியதை எல்லாம் அவர்கள் இருவருமே பேசிக்கொண்டார்கள். நான் தண்ணீர் குடித்தேன். கிளம்பும்போது சார், “இந்த நெலமையில இவரு வண்டி ஓட்டக் கூடாது. தப்பு” என்றார். அப்பா டிவிஎஸ் பெட்டியில் இருந்து பழைய ட்யூப் ரப்பரை எடுத்தார். பூ மூட்டை கட்டுகிற முறையில் என் பந்தய சைக்கிளைப் பின்னால் கட்டினார். கொம்பு இரண்டும் வானத்தைப் பார்த்து நின்றன. அதற்கும் அவருக்கும் நடுவில் நான், மடியில் ஊறுகாய்ச் சரத்தோடு. ஞாயிற்றுக்கிழமை மதியம் சங்கரன்கோவில் மெயின் ரோடு முழுக்கப் பார்த்தது. கடை வாசலில் நின்ற பால்துரை அண்ணாச்சி கட்டியிருந்ததை மட்டும் பார்த்துவிட்டு, “ஆங், இது கட்டு” என்றார். வீடு வரைக்கும் எதுவும் விழவில்லை.

போட்டிக்குப் போனேன். கடைசியிலிருந்து ஆறாவதாக முடித்தேன். பின் பாட்டில்களுக்கு ட்யூப் ரப்பர், முன் பாட்டிலில் வெறும் தண்ணீர். பெட்டியில் பேரீச்சம்பழம். கல்யாணம் முடிந்து இரண்டு வருடமாகிறது. பந்தியில் எனக்கு எலுமிச்சை சாதம் வைக்க வந்தால் யாராவது ஒருவர் தடுத்து, “சார்ட்ட கேட்டுட்டு வையுங்க” என்கிறார்கள். வெற்றிலைத் தட்டு வந்தால் மாமனார் சுண்ணாம்பு டப்பாவை எடுத்து முதலில் என் பக்கம் நகர்த்துகிறார், “மாப்ள, இது இருக்கட்டும், எடுத்துராதீங்க” என்று. என் அப்பா பக்கத்தில் இருந்தால் தண்ணீர் டம்ளரை மோந்து பார்த்துத் தலையாட்டிவிட்டு என்னிடம் கொடுக்கிறார். இதை இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டுதான் செய்கிறார்கள்.

போன மாதம் ஒரு விசேஷ வீட்டில் யாரோ தூரத்து உறவினர், தம் பெண்ணுக்கு மாப்பிள்ளை தேடுகிறவர், என்னைக் காட்டி மாமனாரிடம் கேட்டது காதில் விழுந்தது. “உங்க மருமகன் குடிப்பாரா சார்?”

“சேச்சே, தொடவே மாட்டாரு” என்றார் மாமனார், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே.

“காய்ச்சுததோட சரி.”